கரமும் வீட்டு வரியும்



போன மாதம் நம் சங்க அறையில் ஒரு சின்ன வாக்குவாதம். இரண்டாம் மாடி நண்பர் ஒருவர் தன் சொத்து வரி ரசீதைக் கொண்டுவந்து காட்டினார். அவர் வீடு வாங்கி ஆறு வருடம் ஆகிறது. ரசீதில் இன்னும் பழைய உரிமையாளரின் பெயர்தான் இருக்கிறது. "பணம் கட்டுறது நான்தானே, பேர்ல என்ன இருக்கு?" என்றார். "பேர்லதான் சார் எல்லாம் இருக்கு" என்று நான் கொஞ்சம் கெத்தாகவே சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து என் ரசீதை எடுத்துப் பார்த்தேன். பெயர் சரியாக இருந்தது. பரப்பளவு தப்பு. பத்திரத்தில் 1,160 சதுர அடி, ரசீதில் 1,240. கட்டி விற்றவர் ஆரம்பத்தில் கொடுத்த தாளில் இருந்த அளவு அப்படியே பதிவாகியிருக்கிறது.

வங்கியில் எழுத்தராக இருந்த காலம் முழுவதும், அடுத்தவர் காகிதத்தில் ஒரு எழுத்து பிசகினாலும் திருப்பி அனுப்பியவன் நான். என் சொந்தக் காகிதத்தைப் படிக்காமலே வருடக்கணக்கில் பணம் கட்டியிருக்கிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

வரி கட்டுவது எப்படி என்று எழுதச் சொன்னார் செயலாளர். அது உங்கள் எல்லோருக்கும் தெரியும், கைபேசியிலேயே கட்டிவிடுகிறீர்கள். இந்த வரி எங்கிருந்து வந்தது, எதை வைத்துக் கணக்குப் போடுகிறார்கள் என்பது தெரிந்தால்தான் ரசீதைப் படிக்க மனம் வரும். ஆகவே பழைய கதையிலிருந்து தொடங்குகிறேன்.

எங்கள் ஆச்சி "வரி" என்று சொல்லிக் கேட்டதே இல்லை. "ஏல, கரம் அடைச்சாச்சா?" என்றுதான் அப்பாவிடம் கேட்பாள். நெல்லைப் பக்கத்திலிருந்து வந்து நம் குடியிருப்பில் இருப்பவர்களுக்கு இந்தச் சொல் புதிதாக இருக்கும். திருவிதாங்கூர் விட்டுச்சென்ற சொல் அது. ஆச்சி சொன்ன கரம் நிலத்துக்கு உரியது, வருவாய்த் துறைக்குப் போவது. பேரூராட்சிக்கு நாம் கட்டும் சொத்து வரி கட்டடத்துக்கு உரியது. இரண்டும் வேறு வேறு. வேறு வேறு காலத்தில், வேறு வேறு காரணத்துக்காகப் பிறந்தவை. இரண்டையும் குழப்பிக்கொள்வதால் வரும் சங்கடத்தைப் பின்னால் சொல்கிறேன்.

நிலத்துக்கு வரி, குடியிருக்கும் இடத்துக்கு வேறு கணக்கு என்ற பிரிவு மிகப் பழையது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஊர்களின் நிலத்தை அளந்து வரி குறிக்கும்போது, ஊர் நத்தம், குளம், ஊடே போகும் வாய்க்கால், சுடுகாடு முதலியவற்றைக் கழித்துவிட்டு மீதிக்குத்தான் வரி போட்டிருக்கிறார்கள். குடியிருப்பு நிலத்தை நாம் இன்றும் நத்தம் என்றுதானே சொல்கிறோம்? அதற்காக வீடு முழுக்கத் தப்பித்தது என்று நினைக்க வேண்டாம். மனையிறை என்று ஒரு வரியும் சோழர் காலக் கல்வெட்டுகளில் வருகிறது. தறிக்கு, செக்குக்கு என்று தனித்தனி இறைகளும் உண்டு.

நம் நாஞ்சில் நாடு நெல் விளையும் நாடு. அதனால் யார் ஆண்டாலும் கண் இங்கேதான். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வரிக்கொடுமை தாங்காமல் நாஞ்சில் நாட்டார் கூட்டம் கூடி, இனி நியாயமில்லாத வரி கொடுப்பதில்லை என்று முடிவு செய்த செய்திகள் அழகியபாண்டியபுரம் முதலியார் வீட்டு ஓலைகளில் இருக்கின்றன. அந்த ஓலைகளைத் தேடிப் படித்து ஆராய்ந்தவர்களில் நம் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையும் ஒருவர். நலச் சங்கக் கூட்டத்துக்கு ஆள் வருவதில்லை என்று வருத்தப்படும் செயலாளர் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

அடுத்தது நம் ஊர்க் கதை. பால்கனியில் நின்றால் தெரியும் கணவாய்தான் திருவிதாங்கூரின் கிழக்கு வாசல். அந்நாளில் அங்கே கோட்டையும் அரணும் இருந்தன. தலக்குளத்துக்காரரான வேலுத்தம்பி, 1799-இல் கட்டாய வசூலை எதிர்த்து மக்களைத் திரட்டித்தான் அரசியலில் மேலே வந்தார். பிறகு அவரே தளவாய் ஆனார். 1805-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வருடந்தோறும் 8 லட்சம் ரூபாய் கப்பம் கட்ட வேண்டிவந்தது. கஜானாவில் பணம் இல்லை, பாக்கி ஏறியது, நெருக்கடி முற்றிப் போரில் முடிந்தது. 1809 பிப்ரவரி 10 அன்று கம்பெனிப் படை ஆரல்வாய்மொழி அரணைப் பிடித்தது. வங்கிக்காரன் பார்வையில் பார்த்தால், கட்ட முடியாத தவணையில் தொடங்கிய சண்டை அது.

அந்தக் காலத்துத் திருவிதாங்கூரில் வீடு கட்டுவதே சலுகையாக இருந்தது. கூரைக்கு ஓடு போட வேண்டுமானால் அனுமதி வேண்டும், அதற்குக் காணிக்கை கட்ட வேண்டும். ராணி கௌரி பார்வதி பாய் ஆட்சியில் (1815–1829) தான் ஏழை பணக்காரர் என்ற பேதமில்லாமல் யாரும் ஓடு போட்டுக்கொள்ளலாம் என்று ஆனது. அரசின் வருமானம் பெரும்பாலும் நிலக்கரம், மிளகு புகையிலை ஏகபோகம், கணவாய்ச் சுங்கம் ஆகியவற்றிலிருந்து வந்தது. நம் ஊர் வழியாகப் போன சரக்குக்குச் சுங்கம் கட்டும் தொல்லை 1865-இல் பிரிட்டிஷ் இந்தியாவுடன் செய்துகொண்ட வணிக உடன்படிக்கையால் நீங்கியது.

கர ரசீதுக்கு இன்னொரு மதிப்பும் இருந்தது. 1904-இல் ஸ்ரீமூலம் பிரஜா சபை தொடங்கியபோது, அதில் இடம்பெறுவதற்கான தகுதியைப் பெரும்பாலும் நிலக்கரத்தை வைத்தே நிர்ணயித்தார்கள். வருடத்துக்கு 100 ரூபாய் கரம் கட்டுகிறவர் நிலக்கிழார் வரிசையில் வந்தார். பின்னர் சட்டசபைக்கு வாக்களிக்க 5 ரூபாய் கரம் போதும் என்று 1921-இல் தளர்த்தினார்கள். 5 ரூபாய் கரம் கட்ட நிலமில்லாதவன் நாட்டின் மக்கள்தொகையில் இருந்தான், வாக்காளர் பட்டியலில் இல்லை. 1930-களில் ஈழவர், கிறிஸ்தவர், முஸ்லிம்கள் சேர்ந்து நடத்திய நிவர்த்தனப் போராட்டத்தின் பின்னணியில் இந்தக் கணக்கும் இருந்தது. வயது வந்த எல்லோருக்கும் வாக்கு என்பது 1948 தேர்தலில்தான் கிடைத்தது. எங்கள் ஆச்சிக்கு முதல் வாக்கு அதுதான். கர ரசீதைச் சந்தனப் பெட்டியில் வைத்துப் பூட்டும் பழக்கம் ஏன் வந்தது என்று இப்போது உங்களுக்குப் புரியும்.

1946-இல், திவான் சி.பி. ராமசாமி ஐயர் காலத்தில், நன்செய் புன்செய் வித்தியாசமில்லாமல் ஏக்கருக்கு 14 சக்கரம் அடிப்படைக் கரம் என்று ஒரே வீதம் வந்தது. இருபத்தெட்டரைச் சக்கரம் ஒரு ரூபாய். ஏறக்குறைய அரை ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1956 நவம்பர் 1 அன்று நாம் சென்னை மாநிலத்தோடு இணைந்தோம். கரம் என்ற சொல் மட்டும் நம்மோடேயே தங்கிவிட்டது.

இனி வீட்டு வரிக்கு வருகிறேன். இது கணவாய்க்கு வடக்கே இருந்து வந்த சரக்கு, இன்னும் சொல்லப்போனால் கடல் தாண்டி வந்தது.

சென்னையில் 1680-களில் கம்பெனி வீட்டு வரி போட முயன்றபோது மக்கள் கடையடைத்து எதிர்த்தார்கள். அப்போது லண்டனில் கம்பெனியின் தலைமையில் இருந்த ஜோசையா சைல்ட் ஒரு யோசனை சொன்னார். மேலிருந்து போடும் வரியை எதிர்க்கும் மக்கள், தங்கள் ஆட்கள் உட்கார்ந்து தங்கள் ஊருக்காகப் போடும் வரியைத் தருவார்கள் என்பது அவர் கணக்கு. 1688 செப்டம்பர் 29 அன்று சென்னை மாநகராட்சி பிறந்ததற்கு இதுவும் ஒரு காரணம். அதற்கப்புறமும் மக்கள் லேசில் தந்துவிடவில்லை என்பது வேறு விஷயம்.

வரியைக் கணக்கிடும் முறை இங்கிலாந்திலிருந்து வந்தது. அங்கே 1601-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஏழைகளைப் பராமரிக்க ஊருக்குள் வசூல் செய்தார்கள். யாரிடம் எவ்வளவு வாங்குவது? வருமானத்தைக் கேட்டால் பொய் சொல்வார்கள். வீட்டை மறைக்க முடியாது. ஆகவே இந்த வீட்டை வாடகைக்கு விட்டால் நியாயமாக என்ன கிடைக்கும் என்று பார்த்து, அதில் ஒரு பங்கு வாங்கினார்கள். 1836-இல் இதற்கு ஒரே மாதிரி இலக்கணமும் சட்டத்தில் எழுதிவிட்டார்கள். அதே இலக்கணம்தான் 1920-ஆம் ஆண்டின் சென்னை மாவட்ட நகராட்சிகள் சட்டத்தில் ஆண்டு வாடகை மதிப்பு என்ற பெயரில் வந்து உட்கார்ந்தது. நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய ஆண்டு வாடகையில், கட்டடத்துக்குரிய பகுதியில் 10 சதவீதத்தைப் பழுதுபார்க்கும் செலவாகக் கழித்தால் வருவது அது.

"நான் என் வீட்டில்தானே இருக்கிறேன், எனக்கு எதற்கு வாடகைக் கணக்கு?" என்று உங்களில் பலர் என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். சட்டத்தின் பார்வையில் உங்கள் வீட்டில் ஒரு கற்பனைக் குடித்தனக்காரர் எப்போதும் குடியிருக்கிறார். அவர் தரக்கூடிய வாடகைக்குத்தான் வரி. பி.காம். படித்தபோது இதைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பேன். யோசித்துப் பார்த்தால் இதைவிட நல்ல அளவுகோல் கிடைப்பது கஷ்டம்தான்.

ஆனால் அந்தக் கற்பனை ஆள் எவ்வளவு வாடகை தருவார் என்று யார் தீர்மானிப்பது? இங்கேதான் குண்டூர்க்காரர்களின் கதை வருகிறது. குண்டூர் அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த ஊர். ஆந்திரம் பிரிந்த பிறகும் அந்த 1920 சட்டத்தின் விதிகள் அங்கே நடைமுறையில் இருந்தன. குண்டூர் நகர வரி செலுத்துவோர் சங்கம், அதாவது நம்மைப் போன்ற ஒரு சங்கம், நகராட்சியோடு மல்லுக்கு நின்றது. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இவ்வளவுக்கு மேல் வாடகை வாங்கக் கூடாது என்று வீட்டுக்காரரைத் தடுக்கிறது. அதே வீட்டுக்கு நகராட்சி மட்டும் கூடுதல் வாடகை கிடைக்கும் என்று வைத்து வரி போடலாமா என்பது கேள்வி. நியாய வாடகையை அதற்குரிய அதிகாரி இன்னும் நிர்ணயிக்காத வீடுகளுக்கு எங்கள் மதிப்பீடே செல்லும் என்றது நகராட்சி. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1970-இல் சங்கம் ஜெயித்தது. அதிகாரி நிர்ணயித்திருந்தாலும் இல்லாவிட்டாலும், நியாய வாடகைக்குரிய விதிகளின்படிதான் நகராட்சி மதிப்பிட வேண்டும் என்று தீர்ப்பு.

அந்தச் சங்கத்துக்காரர்களை நினைத்தால் எனக்கு மரியாதை வருகிறது. அவர்கள் வரி வேண்டாம் என்று சொல்லவில்லை, கணக்கைக் காட்டு என்றுதான் கேட்டார்கள்.

அந்த வெற்றிக்கு ஒரு பின்விளைவும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. கட்டுப்பாட்டு வாடகை உறைந்து கிடந்ததால் நாடெங்கும் நகராட்சிகளின் வருமானமும் உறைந்தது. தெருவிளக்குக்கும் குப்பைக்கும் பணம் எங்கிருந்து வரும்? அதனால்தான் 1993-இல் பாட்னாவில் வாடகையைத் தேடிப் போகாமல், எந்தச் சாலை, என்ன வகைக் கட்டடம், எத்தனை சதுர அடி என்று பார்த்து மதிப்புப் போட ஆரம்பித்தார்கள். உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. பல ஊர்கள் அந்த வழியில் போயின. நம் மாநிலத்திலும் பகுதி பிரித்து, சதுர அடிக்கு அடிப்படை மதிப்பு வைத்துத்தான் ஆண்டு மதிப்பு வருகிறது. கற்பனைக் குடித்தனக்காரர் இன்னும் இருக்கிறார், அவரிடம் வாடகை கேட்பதற்குப் பதில் டேப்பை நீட்டி அளக்கிறார்கள். ஆகவே ரசீதில் உள்ள சதுர அடிதான் இப்போது உயிர்நாடி.

சென்னை மாநகராட்சியின் பழைய எல்லைக்குள் 1998-க்குப் பிறகும், மற்ற ஊர்களில் 2008-க்குப் பிறகும் சொத்து வரி பொதுச் சீராய்வு நிலைத்து நடக்கவில்லை. 2018-இல் உயர்த்திய வரியை 2019-இல் நிறுத்திவைத்தார்கள். இதற்கிடையில், அடிப்படை வீதம் அறிவித்து, மாநில வளர்ச்சிக்கு ஏற்ப வரியை உயர்த்தினால்தான் நகர உள்ளாட்சிகளுக்கு மானியம் என்று 15-ஆவது நிதிக் குழு நிபந்தனை வைத்தது. 2022 ஏப்ரலில் உயர்வு வந்தது. சென்னையின் பழைய எல்லைக்கு வெளியே, பேரூராட்சிகள் உட்பட, குடியிருப்புக் கட்டடங்களுக்கு வைத்த படிநிலை இது: 600 சதுர அடி வரை 25 சதவீதம், 601 முதல் 1,200 வரை 50, 1,201 முதல் 1,800 வரை 75, அதற்கு மேல் 100.

இப்போது என் ரசீதைப் பாருங்கள். என் வீடு 1,160 சதுர அடி. 50 சதவீதப் படியில் இருக்க வேண்டியவன். ரசீதில் 1,240 என்று இருப்பதால் 75 சதவீதப் படியில் ஏறி உட்கார்ந்திருக்கிறேன். பழைய வரி 1,000 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொண்டால், 1,500 ஆக வேண்டியது 1,750 ஆகிறது. 80 சதுர அடிக்கு அந்த 1,000 ரூபாயிலேயே ஏற்கெனவே கூடுதல் கட்டியது தனி. அதன் மேல் ஆண்டுதோறும் உயர்த்தவும் இப்போது விதி வந்துவிட்டது. தப்பான அடித்தளத்தின் மேல் போடும் சதவீதம் தப்பையும் சேர்த்தே வளர்க்கும். கூட்டுவட்டி பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இதற்குப் பரிகாரம் உண்டு. வரி விதிப்பு அறிவிப்பு வரும்போது ஆட்சேபணை தெரிவிக்க அதிலேயே கெடு குறிப்பிட்டிருப்பார்கள். கெடு தவறியிருந்தாலும் அளவைத் திருத்தக் கோரி மனுக் கொடுக்கலாம். வரைபட நகல், பத்திர நகல் இணைத்து, கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு வாங்கி வையுங்கள். கட்டுவதை மட்டும் நிறுத்தாதீர்கள், பாக்கிக்கு மாதம் 1 சதவீதம் வட்டி ஏறும். முதல் அரையாண்டுக்கு ஏப்ரல் 30-க்குள்ளும் இரண்டாவதற்கு அக்டோபர் 31-க்குள்ளும் கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி, 5,000 ரூபாய் உச்சவரம்பு. ரசீதில் நூலக வரி என்று ஒரு வரி இருக்கும். அது 1948-ஆம் ஆண்டு நூலகச் சட்டத்தால் வந்தது, அதைப் பார்த்து மட்டும் நான் முணுமுணுப்பதில்லை.

இனி, முதலில் சொன்ன குழப்பம். நான் கடன் பிரிவில் இருந்தபோது ஒரு அம்மா வந்தார். கணவர் இறந்து சில வருடம் ஆகியிருந்தது. மகள் படிப்புக்கு வீட்டின் மேல் கடன் வேண்டும். மஞ்சள் பையிலிருந்து வீட்டு வரி ரசீதுகளை எடுத்து அடுக்கினார். முப்பது வருடத்து ரசீதுகள், ஒன்றுகூடத் தவறவில்லை, எல்லாம் கணவர் பெயரில். மூலப் பத்திரம் எங்கே என்றேன். "அதான் சார் கரம் எல்லாம் அடைச்சிருக்கே" என்றார். மாமனார் காலத்துச் சொத்து, பாகப்பிரிவினை எழுதவே இல்லை. வழக்கறிஞரின் கருத்துரை சாதகமாக வரவில்லை, கடன் கொடுக்க முடியவில்லை. வரி ரசீது மட்டுமே உரிமைக்கு ஆதாரம் ஆகாது, அனுபவத்தில் இருப்பதற்கு ஒரு சான்றாகத்தான் நிற்கும் என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. ஆச்சி காலத்தில் நிலக்கர ரசீதுக்கு இருந்த மகிமையை அந்த அம்மா வீட்டு வரி ரசீதுக்குக் கொடுத்திருந்தார். ரசீதுகளை ஒவ்வொன்றாக மடித்துத் திரும்பப் பைக்குள் வைத்ததை நான் இன்னும் மறக்கவில்லை.

ஆகவே இரண்டாம் மாடி நண்பரே, ரசீதில் பெயர் இருந்தால் மட்டும் வீடு உங்களுடையது ஆகிவிடாது, உண்மைதான். ஆனால் பெயர் மாறாமல் இருந்தால், அறிவிப்புகள் பழைய உரிமையாளர் பெயருக்கே போகும், ஆட்சேபணைக் கெடு உங்களுக்குத் தெரியாமலே கழியும், நாளைக்கு விற்கப் போனாலோ கடன் கேட்டாலோ அந்த ஒரு தாளுக்காக அலைய வேண்டிவரும். கிரயப் பத்திர நகலோடு ஒரு மனு, அவ்வளவுதான் வேலை.

என் மனுவைப் போன வாரம் கொடுத்துவிட்டேன், ஒப்புகை எண்ணும் வந்துவிட்டது. அளக்க வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். என்ன ஆனது என்று அடுத்த இதழில் எழுதுகிறேன். வரும் ஞாயிறு காலை 10 மணிக்குச் சங்க அறையில் இருப்பேன். ரசீது, பத்திர நகல், வரைபட நகல் மூன்றையும் எடுத்து வாருங்கள். கண்ணாடியை மறக்க வேண்டாம், ரசீதின் எழுத்து ரொம்பப் பொடி. டேப் என்னிடம் இருக்கிறது.